ஆயிரம் பேருக்கு ஒரே காட்சியா, எண்பது பேருக்கு ஒரு காட்சியா? பள்ளிப் பிள்ளைகளிடம் நேரடிக் கலையைக் கொண்டுபோகும் வழிகள்

ஒரு பெற்றோர் சங்கமோ நூலகமோ கலை மன்றமோ, "நம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாடகத்தை, ஒரு கச்சேரியை, ஒரு பொம்மலாட்டத்தை நேரில் பார்க்கட்டும்" என்று தீர்மானிப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். எப்படிச் செய்வது என்று பேசும்போதுதான் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அரங்கத்துக்கு அழைத்துப் போவதா? கலைஞர்களைப் பள்ளிக்கே வரவழைப்பதா? வந்தால் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுவதா, சில வாரங்கள் தங்கச் சொல்வதா? இதெல்லாம் எதற்கு, திரையில் காட்டினால் போதாதா? கையிருப்புப் பணத்தில் இவற்றில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் முதலில் வந்து விழும் கேள்வி, "மொத்தம் எத்தனை பிள்ளைகள் பார்ப்பார்கள்?" என்பது. நன்கொடை கொடுப்பவருக்கு அறிக்கை அனுப்ப அந்த எண் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்க அது உதவாது என்பது என் உறுதியான கருத்து. நான் முதலில் கேட்கச் சொல்வது இதை: கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் கலைஞருக்கும் நடுவே எத்தனை மீட்டர் இருக்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி முற்றத்தில் 600 பிள்ளைகளைத் தரையில் உட்கார வைக்கிறோம். வரிசைக்கு 20 பேர் என்றால் 30 வரிசை. சம்மணம் போட்டு உட்கார ஒரு வரிசைக்கு முக்கால் மீட்டராவது வேண்டும். ஆக, கடைசி வரிசை மேடையிலிருந்து 22 மீட்டருக்கு அப்பால். அங்கிருந்து நடிகர் கையை ஆட்டுவது தெரியும், புருவத்தை நெரிப்பது தெரியாது. குரல் ஒலிபெருக்கி வழியாக வருமே தவிர, அவர் வாயிலிருந்து வருவதாகத் தோன்றாது. இதே குழுவின் முன்னால் 80 பிள்ளைகளை நான்கு வரிசை அரைவட்டமாக உட்கார வைத்தால் கடைசிப் பிள்ளையும் ஐந்து மீட்டருக்குள் இருக்கும். மைக்கே வேண்டாம். ஒரே நாளில் மூன்று காட்சி வைத்தால் 240 பிள்ளைகள். 600 என்ற எண் 240 ஆகக் குறைந்ததற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. முதல் கணக்கிலும் நடிப்பை நடிப்பாகப் பார்த்தவர்கள் முன்னால் இருந்த சில வரிசைக்காரர்கள் மட்டும்தான்.

பெரிய முற்றக் காட்சி

அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஒரே நாள், ஒரே செலவு, பள்ளி முழுக்க முடிந்துவிட்டது என்று கணக்கைத் தீர்த்துவிடலாம். பிள்ளைகளுக்கும் அன்று வகுப்பு இல்லை என்ற சந்தோஷம்.

நடப்பது என்ன? பின்வரிசைகள் பத்தாவது நிமிஷத்தில் பேச ஆரம்பிக்கும். ஆசிரியர்கள் "உஷ்" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள். கலைஞர் அதைக் கவனித்துக் குரலை ஏற்றுவார், அசைவுகளைப் பெரிதாக்குவார், உடனே சிரிப்பு வரும் இடங்களை நீட்டுவார். இப்படி நூறு பள்ளிகளில் ஆடிய ஒரு குழுவின் நாடகம் நாளடைவில் அடிதடிச் சிரிப்பாகச் சுருங்கிப் போவதற்குக் குழுவைக் குறை சொல்ல முடியாது. 22 மீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த அவர்களுக்கு வேறு வழி இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. திறந்தவெளிக்கென்றே உருவான கலைகள் பெருங்கூட்டத்தில் நன்றாகவே நிற்கும். பறை, தவில் போன்ற தோல் கருவிகள், ஊர்வலக் கலைகள், பொய்க்கால் ஆட்டங்கள், கூத்து இவையெல்லாம் கூட்டத்தைக் கணக்கில் வைத்தே ஒலியையும் ஒப்பனையையும் அமைத்துக்கொண்டவை. கூத்தில் கிரீடமும் தோளில் மாட்டும் புஜகீர்த்தியும் அவ்வளவு பெரிதாக இருப்பதற்குத் தூரத்துப் பார்வையாளரும் ஒரு காரணம். கையிலிருக்கும் கலை இந்த வகை என்றால் முற்றம் தாராளமாகப் போதும். ஒரு கதைசொல்லியையோ வீணைக் கலைஞரையோ கொண்டுபோய் அதே முற்றத்தில் நிறுத்தக் கூடாது.

அரங்கத்துக்கு அழைத்துப் போவது

பள்ளிக்குக் கொண்டுவரவே முடியாத கலைகள் இருக்கின்றன. ஒரு முழு மேற்கத்திய இசைக்குழு என்றால் எண்பது, நூறு பேர். அவர்கள் வகுப்பறைக்கு வர மாட்டார்கள், பிள்ளைகள்தான் போக வேண்டும். நடனமும் ஓரளவு அப்படித்தான். குதித்து இறங்கும் ஆட்டத்துக்கு அடியில் கொஞ்சம் நெகிழ்வு உள்ள மரத்தளம் தேவை. சிமெண்ட் தரையில் தொடர்ந்து ஆடினால் முழங்காலும் கணுக்காலும்தான் விலை கொடுக்கும். பள்ளிக்கு வரும் நடனக் கலைஞர்களிடம் "இங்கேயே ஆடிவிடுங்களேன்" என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரங்கத்துக்கு மட்டுமே உரிய ஒன்று இருட்டு. விளக்குகள் மெதுவாக அணையும்போது பிள்ளைகளிடமிருந்து ஒரு நீண்ட "ஓ" எழும். பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் தானாக ஒரு அமைதி வரும். எந்த ஆசிரியரும் அதட்டி வரவழைக்க முடியாத அமைதி அது. மேடையில் ஒரே ஒரு இடத்தில் வெளிச்சம் விழும்போது எல்லாக் கண்ணும் அங்கே போகும்.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இசை நடத்துநர் லியனார்டு பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை சிறுவர்களுக்காக நடத்திய 53 கச்சேரிகள் தொலைக்காட்சியிலும் வந்தன. அந்தக் கச்சேரிகளின் பலம் இசைக்குழுவின் அளவில் மட்டும் இல்லை. அவர் பிள்ளைகளிடம் பேசினார். ஒரு மெட்டை எடுத்துப் பிரித்து வாசித்துக் காட்டி, மறுபடி சேர்த்து வாசிக்கச் செய்தார். அரங்கம் என்ற வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பெரியவர்களுக்கான மாலைக் காட்சியை அப்படியே காலையில் பிள்ளைகளுக்குப் போடுகிறார்களா, பிள்ளைகளுக்கென்றே ஒன்றைத் தயாரித்திருக்கிறார்களா? முதலாவது என்றால் போக வேண்டாம்.

இந்த வழியின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்தது: பேருந்து. அதன் செலவு டிக்கெட் செலவைத் தாண்டிவிடுவது சாதாரணம். பெற்றோரின் ஒப்புதல் கடிதம், கூட வரும் பெரியவர்கள், கழிப்பறை இடைவேளை, வாந்தி எடுக்கும் பிள்ளை, சக்கர நாற்காலி ஏறாத படிக்கட்டு, பள்ளி விடும் நேரத்துக்குள் திரும்பியாக வேண்டிய அவசரம் என்று வேலை நீளும். இந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கும் பள்ளிதான் பேருந்து ஏறும். ஆசிரியர் பற்றாக்குறையில் தவிக்கும் பள்ளி அழைப்பிதழை ஓரமாக வைத்துவிடும். ஆக, இலவச டிக்கெட் கொடுத்தாலும் அது ஏற்கெனவே வசதி உள்ள பிள்ளைகளுக்கே போய்ச் சேரும். பேருந்தையும் கூட வரும் ஆட்களையும் ஏற்பாட்டாளரே பார்த்துக்கொண்டால்தான் இது நியாயமான வழி ஆகும்.

திரையில் காட்டுவது

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லண்டனின் நேஷனல் தியேட்டர் 2009-இல் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்ப ஆரம்பித்தபோது, நல்ல கேமராக்களும் இருட்டான அரங்கமும் பெரிய திரையும் சேர்ந்துதான் அது எடுபட்டது. திரைச்சீலை இல்லாத ஜன்னல், வெளுத்துப்போன புரொஜெக்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர் உள்ள வகுப்பறையில் அது வேறு பண்டம்.

அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். குலுக்கல் முறையில் சில மாணவர் குழுக்கள் நாடகத்தை நேரில் பார்த்தன, சில குழுக்கள் அதே கதையின் திரைப்படத்தைப் பார்த்தன, சில எதையும் பார்க்கவில்லை. 2018-இல் வந்த முடிவின்படி, நேரில் பார்த்தவர்களிடம் கதையும் அதன் சொற்களும் நன்றாகப் பதிந்திருந்தன. தங்களிடமிருந்து மாறுபட்டவர்களைப் பொறுத்துக்கொள்வதிலும், இன்னொருவர் இடத்தில் நின்று யோசிப்பதிலும் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். படம் பார்த்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. கதை ஒன்றுதான். எதிரில் ஆள் இருந்தாரா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

காணொளிக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கலைஞர் வருவதற்கு முந்தைய வாரம் ஐந்து நிமிஷம் அவருடைய கருவியைக் காட்ட, வந்துபோன பிறகு ஒரு கேள்வி கேட்க, பாதை இல்லாத ஊர்களுக்கு ஏதாவது ஒன்று சேர, அது உதவும். திட்டத்தின் நடுவில் அதை வைக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

கலைஞர் சில வாரங்கள் பள்ளியோடு இருப்பது

ஒரு நாடகக்காரரோ பாடகரோ வாரத்தில் ஒருநாள் வந்து, ஒரே வகுப்போடு ஆறேழு வாரம் வேலை செய்வது. பிள்ளைகள் பார்வையாளராக இருப்பதிலிருந்து செய்பவர்களாக மாறுவார்கள். வாயே திறக்காத பிள்ளை மூன்றாவது வாரம் ஒரு கிழவியாக நடித்துக் காட்டும். இதைப் பார்த்த ஆசிரியர் யாரும் மறக்க மாட்டார். ஆழம் என்று பார்த்தால் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை.

ஆனால் எல்லாக் கலைஞருக்கும் இது வராது. மேடையில் அற்புதமாக ஆடுபவர் முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் திணறலாம். வகுப்பாசிரியர் கூடவே இருந்தாக வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக மட்டும் அல்ல (அதற்காகவும்தான், வெளியாள் யாரையும் பிள்ளைகளோடு தனியாக விடக் கூடாது), கலைஞர் போன பிறகு அந்த வேலை வகுப்பில் தொடர வேண்டுமே, அதற்காகவும். இன்னொரு ஆபத்து, கடைசி வாரத்தில் ஒரு நிகழ்ச்சி போட்டே ஆக வேண்டும் என்ற நெருக்கடி. அது வந்ததும், ஐந்து வாரம் விளையாடிக் கண்டுபிடித்ததை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, நன்றாகப் பேசும் நான்கு பிள்ளைகளுக்கு வசனம் கொடுத்து, மற்றவர்களை மரமாக நிறுத்திவிடுவார்கள். கடைசியில் காட்சி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது. விருப்பம் இருந்தால் பக்கத்து வகுப்பைக் கூப்பிட்டுக் காட்டட்டும், அது போதும்.

செலவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த வழிதான் கனமாகத் தெரியும். புதிதாக ஆரம்பிக்கும் ஒரு குழு, பள்ளியோடு பழக்கமே இல்லாத நிலையில், இதில் முதல் காலை வைக்க வேண்டாம் என்பேன். இரண்டாம் ஆண்டில் வைக்கலாம்.

வகுப்பறை அளவுக் காட்சி

என் தேர்வு இது. கலைஞர் இருவரோ மூவரோ காலையில் வந்து மாலைவரை பள்ளியில் இருப்பார்கள். ஒரு பெரிய அறையில், தரைமட்டத்தில், ஒரு தடவைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் இல்லாமல், நாளுக்கு மூன்று காட்சி. ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது நிமிஷம் கலை, மீதி நேரம் பேச்சும் தொட்டுப் பார்ப்பதும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் பிரையன் வே 1953-இல் தொடங்கிய தியேட்டர் சென்டர் குழு, பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சுற்றிலும் உட்கார வைத்து நடுவில் நடித்தது. 1965-இல் கவன்ட்ரி நகரின் பெல்கிரேட் அரங்கம் நடிகர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கும் ஒரு குழுவை அமைத்தது. அவர்கள் வகுப்புக்குள் வந்து, கதையின் நடுவே பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, "இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். கல்வி நாடகம் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. இந்தியாவில் 1977-இல் தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மேகே இயக்கம் பெரிய இசைக் கலைஞர்களையும் நடனக் கலைஞர்களையும் கல்வி நிலையங்களுக்கு அழைத்துப் போகிறது. கலைஞர் கொஞ்சம் வாசிப்பார், கொஞ்சம் விளக்குவார், மறுபடி வாசிப்பார். செயல்விளக்கம் என்று சொல்லப்படும் அந்த வடிவம் பள்ளிக்கு மிகப் பொருத்தம்.

கிட்டத்தில் இருப்பதால் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒரு மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். முற்றக் காட்சியில் பிள்ளைக்குத் தெரிவது ஒருவர் இரண்டு கையாலும் அடிப்பது. மூன்று மீட்டருக்குள் உட்கார்ந்தால், வாசிக்கும் முன் அவர் ரவையில் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடப்பக்கத் தோலில் (அதைத் தொப்பி என்பார்கள்) அப்புவதைப் பார்க்கும். "அது எதுக்கு?" என்று கேட்கும். அப்புவதற்கு முன் ஒரு தட்டு, அப்பிய பிறகு ஒரு தட்டு. சத்தம் கீழே இறங்குவதைப் பிள்ளை தன் காதால் கண்டுபிடிக்கும். வலப்பக்கத்தில் நடுவே உள்ள கருப்பு வட்டத்தைத் தொட்டுப் பார்க்கும். சிறு கட்டையை வாரில் வைத்துக் கல்லால் தட்டி அவர் சுருதி கூட்டும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கும். இது அறிவியல் பாடமா இசைப் பாடமா என்று பிரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் இரண்டும் நடந்துவிடும்.

பொம்மலாட்டமும் அப்படித்தான். தமிழ் மரபில் பொம்மைகள் கனமானவை. நூல்களை ஒரு வளையத்தில் கட்டி, அதைத் தலையில் கிரீடம்போல் மாட்டிக்கொண்டுதான் கலைஞர் ஆட்டுவார். காட்சி முடிந்ததும் திரையை விலக்கி அந்த வளையத்தைக் காட்டிவிட்டால் அரை மணி நேரம் கேள்விகள் ஓயாது. மாயம் கலைந்துவிடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். ஜப்பானின் புன்ராக்கு பொம்மலாட்டத்தில் ஒரே பொம்மையை மூவர், பார்வையாளர் கண்ணெதிரிலேயே ஆட்டுகிறார்கள். பொம்மை உயிரோடுதான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒளியமைப்பு இருக்காது. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு நடுவில் கேட்கும். மணி அடிக்கும். ஒரு நாளில் மூன்று காட்சி என்பது கலைஞருக்குக் கடும் உழைப்பு, நான்காவது ஒன்றைக் கேட்கவே கூடாது. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர், உடை மாற்ற ஒரு அறை, நடுவே ஒரு மணி நேர ஓய்வு இவற்றைப் பள்ளி மறந்துவிடும், நீங்கள் மறக்காதீர்கள். அப்புறம் பணம். "பிள்ளைகளுக்காகத்தானே, ஒரு சேவையாக வந்து செய்யுங்களேன்" என்று கலைஞரிடம் கேட்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். புரொஜெக்டர் வாடகைக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மூன்று காட்சிக்கு உரிய தொகையை, போக்குவரத்தையும் சேர்த்து, அன்றே கொடுத்துவிட வேண்டும்.

கலப்பது

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில், குலுக்கல் முறையில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவுகள் 2019-இல் வந்தன. தேர்வான பள்ளிகளுக்கு நேரடி நிகழ்ச்சிகள், அரங்கப் பயணங்கள், கலைஞர் தங்கிப் பணிபுரிவது, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகள் எல்லாம் கலந்தே கிடைத்தன. ஒழுங்கு மீறல்களுக்காகப் பதிவான மாணவர்களின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது, பிறர்மேல் பரிவும் கூடியது. எந்த ஒரு வழி இதைச் செய்தது என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று வந்தால் பலன் உண்டு என்று நம்ப இது போதுமான ஆதாரம். (மதிப்பெண் ஏறாமலே போயிருந்தாலும் பிள்ளைகளுக்குக் கலை வேண்டும் என்றுதான் சொல்வேன். 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 31-ஆம் பிரிவில், கலைகளில் பங்குபெறுவதைக் குழந்தையின் உரிமையாகவே வைத்திருக்கிறது.)

ஆகவே சின்னக் குழு ஒன்றுக்கு நான் சொல்லும் ஏற்பாடு: முதல் ஆண்டில் ஒரே ஒரு பள்ளி. ஒரே கலைஞர் குழு மூன்று தடவை, மூன்று வெவ்வேறு மாதங்களில், அதே வகுப்புகளுக்கு வர வேண்டும். இரண்டாவது வருகையில் பிள்ளைகள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கேள்விகளும் மாறியிருக்கும். ஆண்டுக் கடைசியில் பணம் மிஞ்சினால் அதே பிள்ளைகளை ஒரு அரங்கத்துக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே கிட்டத்தில் பார்த்த கலையை இருட்டிலும் வெளிச்சத்திலும் பார்க்கும்போது, தூரத்தில் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

என் தேர்வு மாறும் இடங்களும் இருக்கின்றன. பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருநூறு, முந்நூறு இருக்கை கொண்ட சிறு அரங்கம் இருந்தால், பேருந்துச் சிக்கல் இல்லை, தூரமும் அதிகம் இல்லை, அங்கேயே போகலாம். பள்ளியில் இசை அல்லது நாடகத்தில் ஈடுபாடுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தால், இரண்டாம் ஆண்டுவரை காத்திருக்காமல், கலைஞர் தங்கிப் பணிபுரியும் வழியை உடனே எடுக்கலாம். பெரும் சத்தத்தையும் திடீர் வெளிச்சத்தையும் தாங்க முடியாத பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருந்தால், அறையை இருட்டாக்காமல், ஒலியைக் குறைத்து, எழுந்து வெளியே போய்வர அனுமதித்து ஒரு காட்சியை அவர்களுக்கேற்ப அமைக்கச் சொல்லுங்கள். அவர்களை மட்டும் தனியாகப் பிரிக்காமல் வகுப்புத் தோழர்களோடே உட்கார வைக்கலாம்.

பள்ளியிடம் விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டிய ஒன்று, யார் பார்ப்பது என்பது. "நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை அனுப்புகிறோம்", "சேட்டை செய்பவர்களை விட்டுவிடுகிறோம்" என்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பு என்றால் முழு வகுப்பு. ஓர் இடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளைதான் நாடகக்காரர் "யார் வருகிறீர்கள்?" என்று கேட்டதும் முதலில் எழுந்து நிற்கும்.

தேதியைத் தேர்வு மாதங்களுக்கு வெளியே வையுங்கள். வயதைக் கலைஞரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முப்பத்தைந்து நிமிஷமே அதிகம், பதின்மூன்று வயதுக்கு ஒரு மணி நேரம் போதாது. காட்சிக்கு முன் வகுப்பாசிரியரிடம் இருபது நிமிஷம் கேட்டு வாங்குங்கள், கலைஞர் அவரோடு பேசட்டும். முடிந்த மறுநாள் பிள்ளைகளிடம் "நல்லா இருந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் என்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. "எந்த இடத்தில் பயந்தாய்? யாரை உனக்குப் பிடிக்கவில்லை?" என்று கேட்கச் சொல்லுங்கள். அறையை முன்னதாகவே ஒருமுறை, காட்சி நடக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். ஜன்னல் வெயில் பிள்ளைகளின் கண்ணில் விழும் பக்கம் எது என்று அப்போதுதான் தெரியும். கலைஞர் நிற்கும் இடத்தை அதற்கு எதிர்ப்பக்கம் குறித்துவிட்டு, நாற்காலிகளை எல்லாம் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.